வரவு மட்டும் எழுதும் பேரேடு

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. மந்திரித்து விஷம் இறக்குவதாகச் சொல்லிப் பார்வை பார்ப்பவரிடம் கூட்டிப்போனோம். மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டான். ஏழாவது படிக்கும் என் மகன், "அது விஷமில்லாத பாம்பா இருந்திருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மாமனாருக்குக் கோபம். முன்னோர்கள் முட்டாள்களா? நம்பிப் போவதில் என்ன நஷ்டம்? இவனுக்கு அறிவியலில் ஆர்வம் இருக்கிறது. தமிழ்வழியில் படிக்க வைப்பதா, ஆங்கிலவழியிலா? என்ன புத்தகங்கள் வாங்கித் தரலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் மகனை எனக்காக ஒரு முறை தட்டிக்கொடுங்கள். அவன் சொன்னது சரி. எந்த வழியில் படித்தாலும் புரிந்து படித்தால் போதும். புத்தகங்களை அவனே நூலகத்தில் தேடிக்கொள்வான்.

"என்ன நஷ்டம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

முன்னோர்கள் முட்டாள்கள் இல்லையம்மா. என் ஐயா பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் லேவாதேவி செய்தவர். பெட்டியடிப் பையனாகப் போய்க் கணக்கு கற்றவர். அன்றாடம் குறிக்கும் சிட்டை, ஆள்வாரியாக எழுதும் பேரேடு, முடிவில் போடும் ஐந்தொகை எல்லாம் ஒரு காசு பிசகாது. வந்ததையும் எழுதுவார், போனதையும் எழுதுவார். வராக்கடனை மறைத்து எழுதுகிற கணக்குப்பிள்ளை ஒரு நாள்கூட அவரிடம் நிற்க முடியாது. அறிவியல் என்று நான் சொல்வது இந்த ஒழுங்கைத்தான். இரண்டு பக்கமும் எழுதுவது.

பார்வை பார்ப்பவருடைய பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் முந்நூறு வகைக்கு மேல் பாம்புகள் உண்டு. பெரும்பாலானவை மனிதனைக் கொல்லும் விஷம் இல்லாதவை. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்தவன் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பான். நல்ல பாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போய்விடும். இவர்கள் எல்லாரும் அவருடைய வரவில் ஏறிவிடுகிறார்கள். செத்தவர்கள்? "நேரம் வந்துடுச்சு", "தாமதமாக் கொண்டாந்துட்டாங்க", "வீட்டுல தீட்டு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கத்திலும் அவர்கள் பெயர் இல்லை. வரவு மட்டும் எழுதிய பேரேட்டை நம்பி உங்கள் மாமனார் கடையில் ஒருவருக்குக் கடன் கொடுப்பாரா? பிள்ளையின் உயிரைக் கொடுக்கிறீர்களே! 2000 முதல் 2019 வரை நாட்டில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஊரில்தான் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அந்த மதிலை ஒட்டிக் குடியிருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

கோபத்தில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் பாய் விரித்துப் படுப்போம். சித்தப்பா மகன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், என் பக்கத்தில் படுத்திருந்தான். முந்தின ராத்திரி சித்தி, கருப்பு அரிசியில் செய்யும் இனிப்பான கவுனி அரிசி செய்திருந்தார். அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். விடியும் முன்பே எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழுதான். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியாமல் சொருகியது. காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் எழுந்து விளையாடுவான் என்றார் மந்திரித்தவர். காலை பத்து மணிக்கு அவனுக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டி பிடித்தார்கள். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

நான் பெரியவனான பின் ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, கட்டுவிரியன் என்றார். ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். பல் சிறியது, தடம் கண்ணுக்குத் தெரியாது. வீக்கமும் பெரிதாக இருக்காது. சில பேருக்கு முதலில் வயிற்றுவலிதான் வரும். நரம்பிலிருந்து தசைக்குப் போகிற ஆணையை விஷம் தடுத்துவிடுவதால் இமை விழும், தொண்டை அடைக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். செயற்கை மூச்சு கொடுத்து, விஷமுறிவு மருந்தும் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். அந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்து செய்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்து. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இதை உங்கள் மாமனாரிடமும் சொல்லுங்கள்.

மருத்துவர் சொன்னதைச் சித்தியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். அந்தக் கோடைக்குப் பின் அவர் கவுனி அரிசியைத் தொட்டதே இல்லை. கல்யாணப் பந்தியில் இலையில் வைத்தால் எழுந்து போய்விடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப அன்னைக்கு நான் செஞ்ச கவுனி அரிசி இல்லையாப்பா?" என்றார். இல்லை சித்தி என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று தடவை அதையே கேட்டார்.