உண்ணி எங்கே தங்கும்? கால்நடை மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: மழைக்காலத்தில்தானே பூச்சி பெருகும்? உண்ணி கடித்து வரும் குரங்குக் காய்ச்சல் (வைரஸ் நோய்) மட்டும் ஏன் பனியிலும் கோடையிலும் வருகிறது, டாக்டர்?

முதலில், உண்ணி பூச்சி இல்லை, சிலந்திக்குச் சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் காய்ச்சலை முக்கியமாகப் பரப்புவது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்ற உண்ணி. முதல் மழையோடு வளர்ந்த உண்ணி வெளியே வந்து, மாட்டில் ஒட்டி ரத்தம் குடித்து, சருகுக்குள் முட்டையிடும். மழை ஓய்ந்ததும் குஞ்சுகள் கிளம்பும். அடுத்த பருவமான இளம் உண்ணி நவம்பர் முதல் மே வரை திரியும். மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். விறகுக்கும் சருகுக்கும் நாம் காட்டுக்குள் போவதும் அதே மாதங்களில்தானே!

கேள்வி: வெயிலில் காய்ந்து சாகாதா?

வெட்டவெளியில் சாகும். சருகுக்கு அடியில் ஈரம் நிற்கும். உண்ணி புல் நுனியில் ஏறி ஆள் வரக் காத்திருக்கும்; உடம்பு வறண்டதும் கீழே இறங்கி, காற்றிலுள்ள ஈரத்தை வாய் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஊரின் வெப்பநிலையைப் பார்த்துப் பயனில்லை, தரையோரத்து ஈரப்பதம்தான் கணக்கு.

கேள்வி: காட்டு நோய் ஊருக்கு எப்படி வந்தது?

நாம்தான் காட்டுக்குள் போனோம். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோதுதான் நோய் தெரியவந்தது. காட்டை வெட்டி வயலாக்கினால் ஓரமெல்லாம் புதர் மண்டும். அங்கே மாடு மேயும். வளர்ந்த உண்ணிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. 2012இல் பந்திப்பூர், அடுத்து வயநாடு என்று தெற்கே நகர்ந்தது.

கேள்வி: நாங்கள் முதுமலைப் பக்கம். எதைக் கவனிக்க வேண்டும்?

செத்த குரங்கை! உடல் ஆறியதும் அதிலிருந்த உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே பரவும். பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சருகின் மேல் உட்காராதீர்கள். வீடு திரும்பியதும் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள்.

கேள்வி: சென்னையில் மாடி வீடு, காடே இல்லை. நாய்க்கு எப்படி சார் உண்ணி?

அது வேறு ரகம். நாய் உண்ணி வறட்சி தாங்கும், சுவர் விரிசலிலேயே குடும்பம் நடத்தும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, விரிசலையும் அடைத்துவிடுங்கள்.