ராத்திரிப் பட்டினி வேண்டாம், டப்பாவும் வேண்டாம்

கேள்வி: எனக்கு 27 வயது, முதல் பிரசவம். இப்போது 24 வாரம். உயரம் 152 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 62 கிலோ இருந்தேன், இப்போது 71. போன செக்கப்பில் டாக்டர், “வெயிட் ரொம்ப ஏறுது, குறைங்க” என்றார். மாமியார், “ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்” என்கிறார். நாத்தனாரின் தோழி விற்கும் புரோட்டீன் பவுடரைக் குடித்தால் தாய்க்கு எடை ஏறாது, குழந்தைக்கு மட்டும் ஏறுமாம். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள். இரவு முழுக்க வெறும் வயிற்றில் கிடந்தால் காலையில் குமட்டலும் நெஞ்செரிச்சலும் வரும். பத்து மணிக்குப் பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிடுவீர்கள். டாக்டர் குறைக்கச் சொன்னது எடை ஏறும் வேகத்தை. இருக்கிற எடையை இறக்கும் வேலை பிரசவத்துக்குப் பிறகுதான். அவர் இதை விளக்கியிருக்கலாம். ஆனால் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று ஓடுகிற ஓ.பி.யில் “குறைங்க” என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். நானே அப்படிச் சொல்லி அனுப்பிய காலம் உண்டு.

உங்கள் உயரத்துக்கு 62 கிலோ என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 27-ஐ ஒட்டி வருகிறது. கொஞ்சம் கூடுதல் எடை. உலகில் பெரும்பாலும் பின்பற்றப்படும் 2009-ஆம் ஆண்டு அமெரிக்க அளவுகோல்படி, உங்களைப் போன்றவர்கள் மொத்தக் கர்ப்பகாலத்திலும் 7 முதல் 11.5 கிலோ ஏறலாம். நீங்கள் 9 ஏறிவிட்டீர்கள். பதற வேண்டாம். இனி வாரத்துக்குக் கால் கிலோ, மிஞ்சினால் 300 கிராம் என்று போனால் போதும். கடைசியில் கணக்கை ஒன்றிரண்டு கிலோ தாண்டும், அவ்வளவுதான்.

எடையை ஒரே மெஷினில், காலையில், சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு எடை, தனியார் கிளினிக்கில் வேறு எடை, மருந்துக் கடையில் செருப்போடு இன்னொன்று. இதை வைத்து யார் என்ன முடிவு செய்வது? போன மாத எண்ணோடு ஒரு கிலோவைக் கூட்டி எழுதிவைத்த கார்டுகளையும் பார்த்திருக்கிறேன். நீங்களே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மாமியார் சொல்லும் அந்த ‘இரண்டாவது உசுரு’க்கு இப்போது முக்கால் கிலோகூட இருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளில் கூடுதலாக வேண்டியது 350 கலோரி. அதாவது ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. சோற்றைப் பாதியாக்க வேண்டாம், முக்காலாக்கி, பொரியலையும் கூட்டையும் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். டீயோடு போகிற ரஸ்க்கும் பிஸ்கட்டும் யார் கணக்கிலும் வராமல் ஏறுகிற எடை. அங்கன்வாடி சத்துமாவு நல்லதுதான், ஆனால் அதில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே சர்க்கரை போடாதீர்கள். இரவு ஏழரைக்குள் இரண்டு மூன்று இட்லி, நிறைய சாம்பார், பிறகு மொட்டைமாடியில் கால் மணி நேர நடை. அடுத்த மாதம் வளைகாப்பு வரும். அன்று ஒருநாள் கலவைச் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு பத்து நாள் உறவுக்காரர்கள் கொண்டுவரும் பலகாரத் தட்டுதான் ஆபத்து.

இனி அந்தப் புரோட்டீன் பவுடர் டப்பா. தாய்க்கு ஏறாமல் குழந்தைக்கு மட்டும் எடை ஏற்றும் பவுடர் உலகத்தில் கிடையாது. குழந்தைக்குப் போவதெல்லாம் உங்கள் ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர்கள் முதல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால், நீங்கள் வாங்குவது விலை கூடிய இனிப்பு மாவு. மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்திலிருந்து எடுப்பது, சர்க்கரை அளவைச் சட்டென்று ஏற்றும். “கவர்ன்மென்ட் அப்ரூவ்ட்” என்று ஒரு 14 இலக்க எண்ணைக் காட்டுவார்கள். அது உணவுப் பொருள் தயாரிப்பவருக்குக் கொடுக்கும் உரிம எண். கடலை மிட்டாய்ப் பாக்கெட்டிலும் அது உண்டு. மேலே சொன்ன பால், முட்டை, கடலையிலேயே 18 கிராம் புரதம் கிடைக்கிறது. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் சேர்ந்தால் கடைசி மூன்று மாதத்துக்கு வேண்டிய கூடுதல் புரதமும் ஆயிற்று. தோழியாக வருபவர் கமிஷன் ஏஜென்டாக இருக்கிறார், அவருக்கு மேலே இன்னும் நான்கு பேர். இவர்களிடம் எனக்குக் கோபம் வருவது காசுக்காக மட்டும் அல்ல. “இதிலேயே எல்லாம் இருக்கு” என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தாதீர்கள். அதையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், டீயோடும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன நிதானம் பொருந்தாது. ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென்று ஏறினால் அது சோறு இல்லை, நீர். சாயங்காலம் கணுக்கால் வீங்கிக் காலையில் வடிந்தால் பரவாயில்லை. காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தால், மோதிரம் கழலாமல் இறுகினால், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, இவற்றில் ஏதாவது வந்தால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டிருக்கிறதா என்றும் சிறுநீரையும் பார்க்க வேண்டும். “யூரின்ல உப்பு போகுது” என்பார்கள். போவது உப்பல்ல, ஆல்புமின் என்ற புரதம். அந்தப் பேச்சைக் கேட்டு வீட்டில் உப்பில்லாப் பத்தியம் போட்டு நான்கு நாள் பார்த்துவிட்டு, வலிப்பு வந்த பிறகு ஆம்புலன்ஸில் வந்தவர்கள் உண்டு. முகவீக்கத்துக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. வரிசை நீளம் என்று சொன்னால், “முகம் வீங்கியிருக்கு, தலை வலிக்குது, பிரஷர் பாருங்க” என்று நர்ஸிடம் நேராகச் சொல்லுங்கள்.

24 வாரம் ஆகிவிட்டதால் சர்க்கரைப் பரிசோதனையை இந்த வாரமே முடியுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140-க்குக் கீழே இருக்க வேண்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, மறுநாள் வந்து திரும்பக் குடியுங்கள்.