கியர்பாக்ஸை விட்டுவிட்டு ஆர்.சி.யைக் கேளுங்கள்

கேள்வி: கோவையில் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். பத்து மாதங்களுக்கு முன்பு, ஒரு தரகர் மூலம் பெங்களூருக்காரர் ஒருவரிடமிருந்து 2012 மாடல் பி.எம்.டபிள்யூ. இசட்4 காரை 19 லட்சத்துக்கு வாங்கினேன். பணம் முழுவதையும் வங்கி வழியாகவே கொடுத்தேன். நான்காம் மாதத்தில் கியர்பாக்ஸ் பழுதாகி, ஐந்து லட்சம் ஆகும் என்கிறார்கள். “காரில் ஒரு குறையும் இல்லை” என்று சத்தியம் செய்தவர் இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய கார் இது. அவர் மீது மோசடிப் புகாரும் நுகர்வோர் வழக்கும் தொடுக்க விரும்புகிறேன். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமானவை ஆர்.சி. பற்றிய அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டுமே. கியர்பாக்ஸ், சத்தியம், நகை ஆகியவற்றை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

புதிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில், அந்த விலைக் குறைவே வரப்போகும் பழுதுச் செலவுக்கான முன்கூட்டிய தள்ளுபடி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பார்த்து வாங்க வேண்டிய பொறுப்பைப் பொதுவாக வாங்குபவர் மீதே வைக்கிறது. வாங்கும்போதே பழுது இருந்தது என்றும், அதை அவர் அறிந்தே மறைத்தார் என்றும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நான்கு மாதம் ஓட்டிய பிறகு அது எளிதல்ல. தன் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிமனிதர் வணிகர் அல்லர் என்பதால் நுகர்வோர் ஆணையத்திலும் அவரை நிறுத்துவது கடினம். தரகர் மீது சேவைக் குறைபாடு என்று செல்லலாம், அவருக்குக் கொடுத்த கமிஷனுக்கு ரசீது இருந்தால். இருக்காது என்றே எண்ணுகிறேன்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். பணம் கொடுத்து, சாவி வாங்கிய அளவில், உங்கள் இருவருக்கும் இடையே கார் உங்களுடையது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(30), யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. பெயர் மாற்றாமல் கை மாறிய கார் ஒன்றின் விபத்து வழக்கில், பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பத்து மாதமாக நீங்கள் வைத்துக்கொண்டிருப்பது சட்டத்தின் பார்வையில் அவருடைய கார்.

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் மீண்டும் மீண்டும் விழும் குழி காப்பீட்டில்தான் இருக்கிறது. கார் கை மாறும்போது காப்பீடும் தானே மாறிவிடும் என்று தரகர்கள் சொல்வார்கள். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 157ஐக்கூடக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு காப்பாற்றுவது விபத்தில் பாதிக்கப்படும் மூன்றாம் நபரை மட்டுமே என்றும், காருக்கு நேரும் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தால் ஒழிய வாங்கியவருக்குச் சேராது என்றும் 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாளைக்கு ஒரு மழையில் லங்கா கார்னர் பாலத்தடியில் உங்கள் கார் மூழ்கினாலோ, திருட்டுப் போனாலோ, உங்கள் பெயரில் கோரிக்கை எழுப்பவே இடமில்லை. பதிவும் பாலிசியும் விற்றவர் பெயரிலேயே இருந்த ஒரு வழக்கில், 2020இல் அந்தப் பதிவு உரிமையாளருக்கே இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதாவது, பணம் வந்தாலும் உங்களோடு பேச மறுக்கும் அந்த மனிதரின் கணக்குக்கே வரக்கூடும்.

கையெழுத்திட்ட படிவங்கள் கைவசம் இருப்பதாகத் தைரியமாக இருக்கிறீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29ம் 30ம் கர்நாடகப் பதிவுள்ள காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்துவிடாது. பிரிவு 48இன்படி அங்கிருந்து தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வர வேண்டும். அதற்குப் படிவம் 28இல் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். இணைய வழியில் விண்ணப்பித்தால் ஓ.டி.பி. அவருடைய கைப்பேசிக்குப் போகிறது. ஆர்.சி.யில் பழைய வங்கிக் கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் அதையும் அவர்தான் நீக்கித் தர வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ, வாரிசுகள் ஒவ்வொருவர் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கும். அப்படி நின்றவர்களை நான் அறிவேன். போதாததற்கு, பிரிவு 47இன்படி வேறு மாநிலக் காரைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குப் புதுப் பதிவு பெற்றாக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதமே மிச்சம். 2012இல் பதிவான காருக்கு 15 ஆண்டுப் பதிவுக் காலமும் 2027இல் முடிகிறது. புதுப்பிக்கவும் அவர்தான் வேண்டும்.

யாருடைய கையெழுத்து உங்களுக்கு வேண்டுமோ, அவர் மீதே, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கப் பார்க்கிறீர்கள். ‘இது உரிமையியல் தகராறு’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள் என்பது ஒருபுறம் இருக்க, புகாரின் நகல் போன மறுநாளே அவர் ஒரு வழக்கறிஞரை அமர்த்துவார்; அந்த வழக்கறிஞர் சொல்லும் முதல் அறிவுரை “எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்” என்பதாகத்தான் இருக்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கையிலும் ஒரு பிடி இருக்கிறது. அவிநாசி சாலையில் உங்கள் கார் ஒருவர் மீது மோதினால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் பெங்களூருக்கும் போகும். பாலிசி காலாவதியாகியிருந்தால் இழப்பீட்டுத் தொகையும் அவர் தலையில் விழும். வெளிமாநிலத்துக்கு விற்றவர் 45 நாட்களுக்குள் தடையின்மைச் சான்றைப் பதிவு அதிகாரிக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. அதையும் அவர் செய்யவில்லை. இவற்றை மிரட்டலாக இல்லாமல், இருவருக்குமான ஆபத்தாக எடுத்துச் சொல்லும் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு போதும். கியர்பாக்ஸ் குறித்த கோரிக்கையை நீங்கள் கைவிடுவது, கார் கை மாறிய நாள் முதல் விபத்துப் பொறுப்பை நீங்கள் ஏற்பது, பதிலுக்கு அவர் தடையின்மைச் சான்று பெற்றுத் தருவது என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சான்று கைக்கு வரும் நாளில்தான் உங்கள் கோரிக்கை கைவிடப்பட்டதாகும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

காரின் முதல் விலைப்பட்டியல் நகலையும் கேட்டு வாங்குங்கள். இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரிக்கு நீங்கள் கொடுத்த 19 லட்சத்தை அடிப்படையாகக் கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். காரின் வயதுக்குக் கழிவு உண்டு என்றாலும் தொகை கணிசமாகவே வரும். அந்தப் பட்டியலில் காரை இறக்குமதி செய்தது நிறுவனமா தனிநபரா என்பதும் தெரியும். தனிநபர் இறக்குமதி என்றால் சுங்கத் தாள்களையும் பார்த்தாக வேண்டும். ஒரு போர்ஷே கரேரா வழக்கில், பின்னால் வாங்கியவரிடம் இறக்குமதித் தீர்வையைக் கேட்க முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான்; ஆனால் அந்தக் காரை வாங்கியவர் அந்தத் தீர்ப்பைப் பெறப் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

அதுவரை காரைக் கொட்டகையிலேயே நிறுத்தி வையுங்கள். பாலிசி முடியும் தேதியை இன்றே பாருங்கள். அது சமரசத்துக்கு முன்பே முடிவதானால், புதுப்பிப்பதும் அவர் பெயரில்தான் நடக்க வேண்டும் என்பதால், அவருக்கு அனுப்பும் கடிதத்தின் முதல் பத்தியில் அதையே எழுதுங்கள்.