ஆர்.எஃப். செய்யும் முன் சோதனை ஊசி அவசியம்

ஐயா, ஆறு வருட இடுப்பு வலிக்கு நேரடியாக ஆர்.எஃப். (ரேடியோ அலை வெப்பத்தால் வலி நரம்பைச் சுடும் சிகிச்சை) செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனை ஊசி போடாமல் சம்மதிக்காதீர்கள். அதில், முதுகெலும்புகளை இணைக்கும் ஃபேசட் என்ற சிறு மூட்டுக்குப் போகும் நரம்புக் கிளைகளில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். அன்று காலை வலி மாத்திரை போட்டாலோ, மயக்க மருந்து கொடுத்தாலோ முடிவு குழம்பிவிடும். ஊசிக்குப் பின் படுத்துவிடாமல், வழக்கமாக வலிக்கிற வேலையைச் செய்து, அரை மணிக்கொரு தடவை பத்துக்கு எத்தனை வலி என்று எழுதுங்கள். பாதியாவது குறையவில்லையென்றால் 80 டிகிரியில் சுட்டும் பலன் கிடைப்பது கடினம்.

கால்வரை இழுக்கும் வலிக்கு ஆர்.எஃப். தீர்வல்ல. சுட்ட நரம்பு மறுபடி வளரும். பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் நிம்மதி. முதல் ஓரிரு வாரம் வலி கூடலாம், பயப்படாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள்.