பழைய பிக்அப் வாங்கலாமா? – கேள்வி பதில்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறேன். தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் தினமும் 30 கி.மீ. ஓட்டம் இருக்கும். 2017 மாடல் டீசல் பிக்அப் ஒன்று நாலே முக்கால் லட்சத்துக்கு வருகிறது. மீட்டரில் 92,000 கி.மீ. காட்டுகிறது. வாங்கலாமா, லோன் போட்டுப் புதுசே எடுக்கலாமா?
– வியாபாரி, ஒட்டன்சத்திரம்

மீட்டரை மறந்துவிடுங்கள். எட்டு வருஷத்துக்கு மேல் லோடு அடித்த வண்டி 92,000தான் ஓடியது என்றால், ஒன்று அதுவும் உங்களுடையதைப் போலக் குறைந்த ஓட்டமே ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரை யாரோ பின்னால் ஓட்டியிருக்க வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். புத்தம்புது ரப்பராக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடட்டும்.

உங்கள் ஓட்டத்துக்கு 2017 மாடல் என்பது ஒரு விதத்தில் சௌகரியம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் குட்டிக் குட்டியாக ஓடினால் அடைத்துக்கொள்ளும், மெக்கானிக்கிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. வேறு செலவு உண்டு: எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம் காட்ட வேண்டும். அதற்கு முன் டிங்கரிங், பெயிண்ட், பிரேக் என்று கொஞ்சம் கை கடிக்கும். அப்படியும் 30 கி.மீ. ஓட்டத்துக்குப் புது வண்டி லோன் எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். தக்காளி விலை விழுந்து வண்டி சும்மா நிற்கிற மாதத்திலும் ட்யூ வந்து கதவைத் தட்டும்.

எனவே பழசே சரி, இந்த வண்டியே சரியா என்பதுதான் கேள்வி. காலையில் போங்கள், சொல்லாமல் போங்கள். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். ஜில்லென்று இருந்தால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். மச்சானின் தண்ணீர் கேன் வியாபாரத்துக்கு ஒரு பழைய மினி லாரி வாங்கப் போனபோது, "உங்களுக்காக ரெடியாக வைத்திருக்கிறேன் சார்" என்று இன்ஜினை ஓடவிட்டே வரவேற்றார் விற்றவர். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று நினைத்து எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டி வந்தேன். மறுநாள் காலை தெருவே சேர்ந்து தள்ளியது. இரண்டே மாதத்தில் இன்ஜினை இறக்கினோம். மச்சான் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அந்தக் கதையைச் சொல்கிறார்.

ஸ்டார்ட் ஆனபின் இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் வழியே புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் வரை யோசிக்க வேண்டும். அப்புறம் அரை லோடாவது ஏற்றிப் பாச்சலூர் மலைச்சாலையில் கொஞ்ச தூரம் ஏற்றுங்கள். காலி வண்டியில் எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான்.

நாகப்பட்டினத்தில் மீன் ஓட்டிய வண்டி, விலை ரொம்பக் குறைவு. எடுக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

அடியில் படுத்து, சேசிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீர் தின்றது போக மிச்சம் இருந்தால் பேசலாம்.

ஆன்லைனில் பிக்அப் பார்த்தேன். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், டிரான்ஸ்ஃபர் ஆனதால் அவசரமாக விற்கிறாராம். அடையாள அட்டைகூட அனுப்பினார். 15,000 அட்வான்ஸ் போட்டால் வண்டியை வீட்டுக்கே அனுப்புவாராம்.
– வாசகர், ஆத்தூர்

வண்டியே இல்லை. ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் என் பழைய லோடு வண்டியை ஒரு புரோக்கரிடம் விற்றேன். 29, 30 ஃபாரங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார், பெயர் மாற்றுவது தன் பொறுப்பு என்றார். இப்போது விபத்து வழக்கில் எனக்கு நோட்டீஸ். வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லையாம். நான் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தே மூன்று வருஷம் ஆகிறது.
– இளநீர் வியாபாரி, பொள்ளாச்சி

உங்களைக் கோபிக்க மனம் வரவில்லை. முதலில் செய்ய வேண்டியது: நோட்டீஸை ஒதுக்கி வைக்காதீர்கள். ஆஜராகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே வழக்கு முடிந்துவிடும். விற்ற ரசீது, வங்கிக் கணக்கில் பணம் வந்த பதிவு, புரோக்கருடன் பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், இலவச உதவி கேளுங்கள். புரோக்கர் மேல் போலீஸில் புகார் கொடுங்கள், ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இனி மற்றவர்களுக்கு. தேதி போடாத, வாங்குபவர் பெயர் எழுதாத கையெழுத்து ஃபாரம் என்பது பூர்த்தி செய்யாத செக் மாதிரி. வண்டி நாலு கை மாறும், ஃபாரமும் கூடவே போகும், யாரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற மாட்டார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு போனது. வண்டி பல பேரிடம் கைமாறியிருந்தது, பதிவில் மட்டும் முதல் ஆளின் பெயர். பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பானது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு "எல்லாரும் இப்படித்தானே சார் பண்றாங்க" என்று மாதம் நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை விலையில் ஒரு பகுதியை வாங்குபவர் பிடித்து வைக்கட்டும். விற்பவர் தானே கூடப் போய் மாற்றிக் கொடுக்கட்டும். அரை நாள் வேலை போகும். போகட்டும்.

ஃபைனான்ஸ் கம்பெனி சீஸ் செய்த பிக்அப்பை யார்டு ஏலத்தில் போட்டோ பார்த்தே எடுத்தேன். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை. யாரைக் கேட்பது?
– வாசகர், திருச்சி

கண்ணாடியைக் கேளுங்கள். உள்ளது உள்ளபடி விற்பதுதான் ஏலம், பார்வையிட நாளும் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் நம்பர் ஒத்துப்போகாதது சின்ன விஷயம் இல்லை. திருட்டு வண்டியாகக்கூட இருக்கலாம். வண்டியைத் தெருவில் எடுக்காமல் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கார் லைசென்ஸ் வைத்து பிக்அப் ஓட்டலாமா?
– வாசகர், தென்காசி

லோடும் சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நானே ஓட்டிப் பிழைக்க ஒரு பழைய வண்டிக் கடையில் பிக்அப் வாங்கினேன். "இன்ஜின் கம்பெனி கண்டிஷன்" என்று எழுதியே கொடுத்தார்கள். பத்தாம் நாள் கனெக்டிங் ராடு போய்விட்டது. கேட்டால், "இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட் செல்லாது" என்கிறார்கள்.
– டிரைவர், விருதுநகர்

பொய். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நுகர்வோராகவே ஏற்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்குத்தான் அந்த வாதம் பொருந்தும். அவசரப்பட்டு ரிப்பேர் செய்துவிடாதீர்கள். இன்ஜினைப் பிரித்த நிலையில் போட்டோ எடுத்து, வேறு ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அந்தச் சீட்டை இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

வண்டி எல்லாம் நன்றாக இருக்கிறது. நம்பர் கூட்டினால் எட்டு வருகிறது. விட்டுவிடலாமா?
– வாசகர், ஈரோடு

விடாதீர்கள். எட்டு என்று முகத்தைச் சுளித்து இருபதாயிரம் குறைத்துக் கேளுங்கள், கொடுப்பார்கள்.