நகராட்சித் தலைவராக இருந்தவர் எம்.எல்.ஏ. ஆனால் ஊருக்கு நல்லதா?

கேள்வி: எங்கள் ஊர் சின்ன நகரம். இங்கே தலைவராக இருந்தவர் அடுத்து எம்.எல்.ஏ. சீட்டு கேட்கிறார். மேயராகவோ நகராட்சித் தலைவராகவோ இருந்தவர் சட்டமன்றம் போனால் ஊருக்கு நன்மை உண்டா?

பாதி நன்மை உண்டு. சாலை, சிறுபாலம், பேருந்து நிழற்குடை என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகள் வேகமாக நடக்கும். ஆனால் நகராட்சி நாற்காலியில் இருந்தபோது "எங்களுக்கு அதிகாரம் இல்லை, காசு இல்லை" என்று எதைச் சொல்லிச் சொல்லி வேதனைப்பட்டாரோ, அதைச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்பாரா? என் அனுபவத்தில் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியாமல் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் உங்கள் தலைவர் நல்லவர், ஓடியாடி வேலை செய்தவர் என்று தோன்றுகிறது. அவருக்கு ஓட்டுப் போடலாம் என்ற முடிவுக்கும் ஏறக்குறைய வந்துவிட்டீர்கள். போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

நான் 2011 முதல் 2016 வரை மேற்கு மாவட்ட நகராட்சி ஒன்றில் கவுன்சிலராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், கட்சிப் பெயரும் வேண்டாம். கட்சியைச் சொன்னால் பாதிப் பேர் பதிலை விட்டுவிட்டுக் கட்சியைப் பற்றித்தான் பின்னூட்டம் போடுவார்கள். அந்த முறை தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் தலைவர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அம்மணி என்பார்.

சின்ன ஊர்த் தலைவரின் வாழ்க்கை எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்பே துப்புரவு ஆய்வாளரோடு மொபெட்டில் கிளம்பிவிடுவார். எந்தத் தெருவில் குப்பை எடுக்கவில்லை, எந்த முனையில் தெருவிளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டே வருவார். டீக்கடையில் நின்றால் டீ குடிக்க விடமாட்டார்கள். "ஏனுங் தலைவரே, எட்டு நாளாச்சு தண்ணி வந்து" என்று நான்கு பேர் சூழ்ந்துகொள்வார்கள். எம்.எல்.ஏ.வை யாரும் அப்படி நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பதில்லை. அவர் காரில் வருவார், சால்வை போடுவார்கள், போய்விடுவார். தலைவர் அதே ஊரில், அதே தெருவில், அதே சாக்கடைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்.

என் வார்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பழைய மேல்நிலைத் தொட்டியிலிருந்து அங்கே தண்ணீர் ஏறாது. புதுத் தொட்டி கட்டினோம். தொட்டி தயார், உள்தெருக்களில் குழாயும் போட்டாயிற்று. தொட்டியையும் பிரதான குழாயையும் இணைக்க நடுவே இருந்த நெடுஞ்சாலையை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். அந்தச் சாலை எங்கள் ஊருக்குள்தான் ஓடுகிறது, ஆனால் எங்களுடையது இல்லை. நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேண்டும், சாலையைத் திரும்பப் போடுவதற்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மன்றத்தில் தீர்மானம் போட்டு, பணமும் கட்டினோம். கோப்பு மட்டும் நகரவில்லை. ஒரு மேசையில் அளவு சரியில்லை என்றார்கள், அடுத்த மேசையில் வரைபடம் வேண்டும் என்றார்கள், அதற்கடுத்து அதிகாரி மாறிவிட்டார். கோடை வந்துவிட்டது. புதுத் தொட்டி காலியாக நின்றது. அதன் நிழலில் என் வார்டுப் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி வீட்டுக்குப் போகவே எனக்குக் கூசியது.

தலைவர் ஓயாமல் மாவட்டத் தலைநகருக்கு அலைந்தார். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மனிதர், ஒரு உதவிப் பொறியாளர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் கூட இருந்தேன். உள்ளே கூப்பிடவே மதியம் ஆகிவிட்டது.

கடைசியில் அப்போதைய எம்.எல்.ஏ.விடம் போய் நின்றோம். எங்கள் முன்னாலேயே ஒரு போன் போட்டார். அந்த வாரமே சாலையை வெட்ட அனுமதி வந்தது. திரும்பி வரும் வழியில் தலைவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பாத்தியா அம்மணி, நம்ம அஞ்சு வருசம் ஓடறதும் ஒண்ணுதான், அவங்க ஒரு போன் போடறதும் ஒண்ணுதான். நான் அங்க போயிட்டா இந்த ஊரு யாரு வாசல்லயும் நிக்க வேண்டியதில்ல."

2016 மே தேர்தலில் அவருக்கு சீட்டு கிடைத்தது. நானும் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டேன். ஜெயித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை.

அப்புறம் அந்த அக்டோபரில் எங்கள் மன்றத்தின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சில மாதங்களில் நடந்துவிடும் என்று நினைத்தோம். தமிழ்நாட்டு நகரங்களுக்கு அந்தத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்து வருடத்துக்கும் மேலாக எந்த நகராட்சியிலும் மாநகராட்சியிலும் மேயர் இல்லை, தலைவர் இல்லை, கவுன்சிலர் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் எல்லாம். கொரோனா வந்தபோதுகூட வார்டுக்கு ஒரு மக்கள் பிரதிநிதி இல்லை. தெருவை அடைத்தபோது உள்ளே இருந்த வயதானவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்லி, பதவியில் இல்லாத என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வருடங்களில் அவரைப் பலமுறை போய்ப் பார்த்தேன். "அண்ணா, தேர்தல் நடத்தச் சொல்லிச் சட்டமன்றத்தில் ஒரு வார்த்தை பேசுங்க. நீங்க தலைவரா இருந்தவரு, நீங்க சொன்னா எடுபடும்" என்றேன். "கட்சி முடிவு எடுக்கணும் அம்மணி" என்பார். உள்ளூர்ச் சாலையை வெட்ட நகராட்சியே அனுமதி கொடுக்க வழிசெய்யுங்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினார். ஆனால் தொகுதி மேம்பாட்டு நிதியில் நிழற்குடை வந்தது, கழிப்பிடம் வந்தது, சமுதாயக்கூடம் வந்தது. எல்லாவற்றிலும் அவர் பெயர் கல்வெட்டில் இருந்தது. அவை பயன்படாதவை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சமுதாயக்கூடத்தில்தான் என் தங்கை மகளின் சீர் நடந்தது. ஆனால் அவர் எதற்காகப் போகிறேன் என்று சொன்னாரோ, அது நடக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் ஊர்த் தலைவர் அதே மாதிரி பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

உடனே "உங்களுக்குப் பதவி போன ஆத்திரம்" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். 2022-ல் நான் போட்டியிடவே இல்லை. இன்னொருவர், "எம்.எல்.ஏ.வின் வேலை சட்டம் இயற்றுவது, சாக்கடையைப் பற்றிப் பேசுவது அல்ல" என்பார். அதைத்தான் நானும் சொல்கிறேன். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. குடிநீர், சாலை, நகரத் திட்டமிடல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றக்கூடிய இடத்துக்குத்தான் நாங்கள் அவரை அனுப்பினோம்.

தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக்கூட ஊர் முடிவு செய்வதில்லை. 1996, 2001-ல் நேரடித் தேர்தல், 2006-ல் கவுன்சிலர்கள் வழியாக, 2011-ல் மறுபடி நேரடி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள் வழியாக. கோட்டையில் இருப்பவர்களுக்கு எது வசதியோ அதன்படி மாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய ஊர் என்றாலும் சென்னையையும் சொல்ல வேண்டும். 2001-ல் மு.க. ஸ்டாலின் அங்கே இரண்டாவது முறை மேயர், அதே நேரம் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ. ஒருவர் இரண்டு பதவியும் வகிக்கக் கூடாது என்று 2002-ல் சட்டம் வந்தது. அதன் பிறகு மேயர் பதவி அவர் கையை விட்டுப் போனது, எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தார். அந்தச் சட்டம் அவரைக் குறிவைத்து வந்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எதிர்த்திசையில் வந்தவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஓசூரில் 2019 இடைத்தேர்தலில் எம்.எல்.ஏ. ஆன எஸ்.ஏ. சத்யா, 2022-ல் அந்தப் புதிய மாநகராட்சியின் மேயரானார். அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதை ஓசூர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். போன வழியே திரும்பி வர ஒருவர் தயாராக இருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பெண் கவுன்சிலர் என்றாலே "அவங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. மன்றக் கூட்டத்தில் நான் எஸ்டிமேட்டில் ஒரு கணக்கைக் கேட்டால், பதிலை என் கணவரிடம் போய்ச் சொல்லுவார்கள். அவர் மில் வேலைக்குப் போகிறவர், அவருக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஒரு ஒப்பந்ததாரர் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே அவருக்குப் போன் போட்டுப் பேசினார். 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு வந்தன. அந்தப் பெண்களின் நாற்காலியில் கணவர்கள் உட்கார்ந்த செய்திகளும் கூடவே வந்தன. சம்பளத்திலும் கவுன்சிலருக்கு மதிப்புக் குறைவுதான். 2017-ல் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளத்தை 55,000-லிருந்து 1,05,000 ரூபாயாக அவர்களே உயர்த்திக்கொண்டார்கள். நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்ததே 2023-ல்தான். எங்கள் காலத்தில் கூட்டத்துக்குப் போனால் ஒரு சின்ன அமர்வுப் படி, அவ்வளவுதான். பெட்ரோலுக்குக் காணாது.

சரி, நகராட்சியில் கற்றதைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனவர் யாருமே இல்லையா என்றால், நான் ராஜாஜியைச் சொல்வேன். அடிக்க வருவதற்கு முன் முழுதும் படியுங்கள். 1937-ல் அவர் கொண்டுவந்த கட்டாய இந்தி தவறு, 1953-ன் குலக்கல்வித் திட்டம் தவறு, இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைப் போட்டார். அவர் கைபட்ட தண்ணீரா என்று எதிர்ப்பு வந்தது. ராஜாஜி அசையவில்லை. 20 ஆண்டுகள் கழித்து சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவி மாதிரி) மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அதே சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். அதே ஆண்டில் கோயில் நுழைவுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டமும் வந்தது. ஒரு ஊரின் குழாயடியில் பார்த்த சாதியை, சட்டம் போடும் இடத்துக்குப் போன பிறகும் அவர் மறக்கவில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அதே காலத்தில் பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்தவர். இரண்டு பேரின் நட்பும் அந்த நாட்களில் வளர்ந்ததுதான். 1919-ல் பெரியார் அந்தப் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரசுக்கு வந்தார். பிற்பாடு மாகாணப் பிரதமர் பதவியே தேடி வந்தபோதும் வேண்டாம் என்றார். ஆகவே சட்டமன்றம் போனால்தான் ஏதாவது செய்ய முடியும் என்று எங்கள் தலைவர் சொன்னதை நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் தலைவர் ஓட்டுக் கேட்டு வரும்போது நிழற்குடை கேட்காதீர்கள், அது தானாக வரும். ஊருக்குள் ஓடும் சாலையை வெட்டவும் மூடவும் நகராட்சிக்கே அனுமதி கொடுக்கச் சட்டத் திருத்தம் கேட்பாரா என்று கேளுங்கள். ஐந்து வருடம் முடிந்ததும் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை என்றால், தன் கட்சி ஆட்சியில் இருந்தாலும் எழுந்து பேசுவாரா என்று கேளுங்கள். நகரங்களில் ஏரியா சபை என்று 2022 நவம்பர் முதல் கூட்டுகிறார்கள். தெருக்காரர்கள் அனைவரும் இருக்கும் அந்தக் கூட்டத்தில் கேளுங்கள், தனியாக வீட்டில் போய்க் கேட்காதீர்கள். நான் வீட்டில் போய்க் கேட்டதால்தான் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.