நீச்சல்குள மோட்டாரும் சோலாரும்: கேள்வி பதில்

கேள்வி: குளத்து ஃபில்டருக்கு 1 எச்பி மோட்டார் ஓடுகிறது. 3 பேனல் வாங்கி நேராக மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டிப் பாருங்கள், ஓடாது. பேனல் தருவது டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), உங்கள் மோட்டார் ஏசி (திசை மாறி மாறி ஓடுவது). நடுவில் இன்வெர்ட்டர் வைத்தாலும் சிக்கல்தான். 1 எச்பி என்றால் 746 வாட் என்பது தண்டில் கிடைக்கும் திறன். இழுப்பது 1000 வாட்டை ஒட்டி வரும். கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கரன்ட் கேட்கும். லைன் கரன்ட் கொடுத்துவிடும், பேனல் தன் அளவுக்குமேல் ஒரு சொட்டும் தராது.

அதனால் பேனலை எண்ணுவதற்கு முன் மோட்டாரை மாற்றுங்கள். கன்ட்ரோலரோடு வரும் பிரஷ்லெஸ் டிசி மோட்டார் மெல்லக் கிளம்பி, வெயிலுக்குத் தக்கபடி ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதி வரும், ஆனால் மின்சாரம் ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான். 50,000 லிட்டர் குளத்தை 8 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்ற, மணிக்கு 6,250 லிட்டர் போதும். அவசரமே வேண்டாம்.

வீட்டுக்கே லைனோடு இணைந்த சோலார் இருந்தால் எதையும் மாற்றாதீர்கள். பகலில் ஓடும்படி டைமரைத் திருப்பி வையுங்கள், முடிந்தது.

கேள்வி: மேகம் வந்தால்?

பதில்: வேகம் குறையும். போனதும் கூடும்.

கேள்வி: என்னுடையது சிங்கிள் ஃபேஸ் கெப்பாசிட்டர் மோட்டார். விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு மெதுவாக ஓட்டலாமா?

பதில்: கூடாது. கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகையில் வேகம் ஏறினால்தான் ஸ்டார்ட்டிங் சுருள் விடுபடும். மெதுவாக ஓடினால் அது விடுபடாமல் கருகும். விஎஃப்டிக்கு த்ரீ ஃபேஸ் மோட்டார் வேண்டும்.

கேள்வி: எத்தனை பேட்டரி வேண்டும்?

பதில்: ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: பேட்டரி வேண்டாம் என்பது தவறு. இரவில் ஓட்டுவதுதான் முறை. பகலில் குளோரின் ஆவியாகிவிடும், இரவில் தேங்கினால் பாசி பிடிக்கும்.

பதில்: ஆவியாவதில்லை ஐயா, வெயிலின் புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது. ஸ்டெபிலைசர் (குளோரினை வெயிலிலிருந்து காக்கும் மருந்து) இல்லாத குளத்தில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பாதி போய்விடும். மோட்டார் நின்றாலும் போகும், ஓடினாலும் போகும். பாசி வளர்வதும் வெளிச்சத்தில்தான். குளோரின் குறைவதும் பாசி தழைப்பதும் ஆட்கள் குளிப்பதும் ஒரே நேரம் என்றால், தண்ணீர் அப்போதுதானே சுற்ற வேண்டும்?

கேள்வி: அப்படியானால் மாலையில் குளோரின் ஊற்றச் சொல்கிறார்களே, அது எதற்கு?

பதில்: அது சரியான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். இரவு முழுக்க நிற்கும். ஆனால் ஊற்றியது கலக்க வேண்டுமே. வெயில் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊற்றுங்கள். அதற்காக பேட்டரியா?

கேள்வி: வீட்டில் கிடக்கும் சாதாரண பிரேக்கரையே பேனல் பக்கம் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இதை யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஏசி நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடும். பிரேக்கர் விடுபடும்போது எழும் பொறி தானே அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன்: பிரேக்கர் லீவர் உருகிச் சாய்ந்திருந்தது, மூடியின் உட்புறம் கரி, மீன் கருகின மாதிரி நாற்றம். டிசிக்கென்று போட்ட பிரேக்கர்தான் வேண்டும், பேனல் தொடரின் முழு வோல்டேஜையும் தாங்குவதாக.

கேள்வி: போர்வெல்லுக்கான சோலார் மோட்டார் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: அது உயரம் தூக்கப் பிறந்தது. குளத்துக்கு வேண்டியது உயரமில்லை, நீரளவு.

கேள்வி: ஒரு சின்ன பேட்டரியாவது...

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: மெதுவாக ஓட்டினால் மணல் ஃபில்டர் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) ஆகுமா?

பதில்: ஆகாது. மணல் கிளறி எழ முழு வேகம் வேண்டும். நடுப்பகலில், வானம் தெளிந்திருக்கும்போது செய்யுங்கள். வால்வைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்துங்கள். நிறுத்துவது டிசி பிரேக்கரில்தானே?